மண்டியும் மரியாதையும்

முழங்காலை நிலத்தில் ஊன்றி அமரும் செயலுக்குத் தமிழில் இன்று வழங்கும் சொற்கள் மூன்று. மேடையும் செய்தித்தாளும் அதனை 'மண்டியிடுதல்' என்று கூறும். ஆலயத்தில் செபம் சொல்லும் கிறித்தவர் 'முழந்தாளிடுதல்' என்பர். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டாலோ 'முட்டி போடுதல்' என்று சொல்லிச் சிரிப்பர். செயல் ஒன்றேயாயினும் பொருள் ஒன்றன்று. முதற்சொல் தோல்வியைக் குறிக்கும். பந்தாட்டத்தில் ஒரு குழு தோற்றால் 'மண்டியிட்டது' என்று தலைப்பிடுவது இதழ்களின் வழக்கம். இரண்டாவது சொல் இறைவன் முன் அடியார் நிலையைக் குறிக்கும். மூன்றாவது, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த சிறுவன் வகுப்பறை வாயிலில் பெறும் தண்டனை. தோற்றவன், அடியவன், குற்றவாளி ஆகிய மூவருக்கும் தமிழ் சொல் வைத்திருக்கிறது. இருவர் ஒருவரையொருவர் மதித்து, எதிரெதிரே முழங்காலூன்றி அமர்வதற்கு மட்டும் தனிச்சொல் வைக்கவில்லை. அவ்வழக்கம் தமிழர் வாழ்வில் வேரூன்றியிராமையே அதன் காரணமாதல் வேண்டும்.

இக்குறை சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுமானால் அதனைப் புலவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அமையலாம். ஆனால் பாகான் செராய் போன்ற ஊர்களில் அஃது அவ்வளவில் நிற்பதில்லை. கராத்தே வகுப்புக்கோ சிலம்பப் பயிற்சிக்கோ பிள்ளையை முதன்முதலாக அழைத்துச் செல்லும் தந்தை, பிள்ளைகள் வரிசையாக முழங்காலூன்றித் தலைதாழ்த்துவதைக் காண்பாராயின், மேற்கூறிய மூன்று சொற்களுள் ஏதேனும் ஒன்று அவர் நெஞ்சில் ஒலிக்கவே செய்யும். எந்தச் சொல் ஒலிக்கிறதோ, அதனைப் பொறுத்தே அவர் முகம் மலர்வதும் சுருங்குவதும்.

பாகான் செராய் பேராக்கின் வடமேற்குக் கோடியில், கிரியான் மாவட்டத்தில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தபோது தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் கால்வாய்களும் நிறைவெய்திய பின் நெல்வயல்கள் விரிந்தன. பஞ்சார் மரபினரான மலாய் மக்கள் திரளாக வாழும் இடம் அது. குந்தாவ் என்னும் தற்காப்புக் கலை அம்மரபினர்க்கு உரியது. தமிழ்க் கத்தோலிக்கர் குடியிருப்பு ஒன்றும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி தொட்டே அங்கு உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கம்பு சுழற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெள்ளுடை அணிந்து கராத்தேயும் பயில்கின்றனர். ஆகவே முழங்காலூன்றுதலின் பொருள் யாது என்னும் வினாவை எழுப்புவதற்கு அவ்வூரினும் பொருத்தமான இடம் வேறு தேட வேண்டியதில்லை.

அவ்வினாவுக்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. தோட்டத்தில் மரியாதை என்பது கீழிருந்து மேலே செல்லுமேயன்றி மேலிருந்து கீழே வந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்பவன் தொழிலாளி. பெயர் கூப்பிடுபவர் கிராணி. பார்த்து நிற்பவர் துரை. வழியில் துரையோ அலுவலரோ எதிர்ப்பட்டால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தது. அதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிட இயலாது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்போடும் ஒருங்கு வைத்து அவர்கள் கேட்டவற்றுள், மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. அவ்வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். உடலை எந்த நிலையில் வைத்துக்கொள்வது என்பதற்காக ஒரு தலைமுறை சிறை காணவும் துணிந்தது என்றால், அத்தலைமுறையின் வழித்தோன்றல் தன் பிள்ளை முழங்காலூன்றுவதைக் கண்டு திடுக்கிடுவதில் வியப்பொன்றும் இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்தனர். காவல் நிற்கும் ஜப்பானியச் சிப்பாயைக் கடந்து செல்பவர் இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும்; மறந்தவர் கன்னத்தில் அறை வாங்குவர். வெயிலில் முழங்காலூன்றி நிறுத்தப்பட்டவர்களின் கதைகள் மலாயா முழுதும் சொல்லப்பட்டன. சயாம் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாத தமிழர் பல்லாயிரவர். அத்தகைய நாட்டில், போர் முடிந்து 25 ஆண்டுகள்கூட ஆகுமுன், ஜப்பானியக் கலையாகிய கராத்தே வேர்விட்டுத் தழைத்தது சிந்திக்கத்தக்கது. ஈப்போவில் பிறந்தவரான சியூ சூ சூட் என்பார், 1966இல் கோலாலம்பூரில் கராத்தே புடோக்கான் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவர் அக்கலையை முதலிற் கற்றதோ ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு ஜப்பானியப் படை அதிகாரியிடம். வீதியில் கட்டாயத்தின்பேரிற் குனிந்த ஓர் ஊரில், அதே நாட்டவரின் முறைப்படி விரும்பிக் குனியும் கூடமும் எழுந்தது. இரண்டு வணக்கமும் ஒன்றுதானா? ஒன்றல்ல என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

இதற்கு இருவகை விடை கூறப்படுவதுண்டு. முழங்காலூன்றுதல் எவ்விடத்தும் அடிமைத்தனமே, ஆகவே அதனை வகுப்பினின்று நீக்க வேண்டும் என்பது ஒருவகை. இதன் பின்னணியில் சுயமரியாதை இயக்கத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி ஈப்போ முதலிய ஊர்களிற் பேசிய நாள் தொட்டு, காலில் விழுதலை வெறுக்கும் உணர்ச்சி பேராக் தமிழரிடையே ஊன்றியிருக்கிறது. மற்றொரு வகையினர், ஆசான் தெய்வத்துக்குச் சமம், ஆதலின் எவ்வளவு தாழ்ந்து வணங்கினாலும் தகும் என்பர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். முழங்கால் நிலத்திற் பட்டதா இல்லையா என்பதை மட்டும் நோக்குகின்றனர். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை நோக்குவதில்லை.

கராத்தே, ஜூடோ வகுப்புகளில் இவ்விருக்கையைச் 'செய்சா' என்பர். செவ்வையான இருக்கை என்பது அதன் சொற்பொருள். இரு முழங்கால்களையும் ஊன்றி, குதிகால்மேல் அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைமேல் வைப்பது. இது போர்வீரர்க்குத் தொன்றுதொட்டு வந்த நிலை என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. பண்டைய ஜப்பானிய வீரர் பெரும்பாலும் சம்மணமிட்டோ, ஒரு முழங்காலை உயர்த்தியோதான் அமர்ந்தனர். செய்சா பொதுமுறையாகப் பரவியது எதோ ஆட்சிக்காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டுக்குப் பின். வைக்கோல் திணித்த ததாமி விரிப்புகள் வீடெங்கும் பரவியதும், தேநீர் விருந்தின் ஒழுங்குகளும், பிரபுக்களின் அவை நடைமுறையும் அதனை நிலைநிறுத்தின. அமரும்போது இடது முழங்காலை முதலில் ஊன்றுவதும், எழும்போது வலது காலை முதலில் எடுத்து வைப்பதும் இடப்பக்கத்து வாளை உருவுவதற்கு வசதி என்று விளக்குவர். நீண்ட வாளை வலப்பக்கத்தில் வைத்தால் பகையில்லை என்பது பொருள். வலக்கையால் அதனை உடனே உருவுதல் அரிது. (ஆயினும் பிறர் இல்லம் புகும்போது நீண்ட வாளை வாயிலிலேயே ஒப்படைப்பது மரபாதலின், செய்சாவில் அமர்ந்தபடி நீள்வாள் உருவும் காட்சி பயிற்சிக் கூடத்துக்கு உரியதேயன்றி அன்றாட வாழ்வுக்கு உரியதன்று. திரைப்படம் பார்ப்பவர் இதனை மறந்துவிடுகின்றனர்.)

கராத்தேக்கோ இம்முறை இன்னும் புதியது. ஒக்கினாவாத் தீவில் அக்கலை வீட்டு முற்றத்திலும் கல்லறை வெளியிலும், பலகாலம் மறைவாகவும், ஓரிருவர்க்குக் கற்பிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அங்கோ அதனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1922இல் ஃபுனாகோஷி கிச்சின் தோக்கியோவுக்குச் சென்ற பின்னரே வெள்ளுடை, வண்ணக் கச்சை முதலியன சேர்ந்தன. அவை ஜூடோவிடமிருந்து பெற்றவை. வரிசையில் முழங்காலூன்றி வணங்கும் ஒழுங்கும் ஜப்பானியக் கூடங்களின் முறையைத் தழுவியதே. ஜூடோவோ 1882இல் கானோ ஜிகோரோ தோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலின் பன்னிரண்டு விரிப்புகள் கொண்ட அறையில் தொடங்கியது. ஆக, ஆயிரம் ஆண்டு மரபு என்று மேடையிற் பேசப்படும் இவ்வணக்கம் கராத்தேயைப் பொறுத்த அளவில் ஒரு நூற்றாண்டு வயதுடையதே. தொன்மையைக் காட்டி மாணவரைப் பணிய வைப்பது பொருந்தாது.

வயது குறைவு என்பதனால் பொருளும் குறைந்துவிடாது. கூடங்களில் வகுப்பின் தொடக்கத்தும் முடிவிலும் வணக்கம் மூன்று: முதலாவது முன்திசைக்கு, இரண்டாவது ஆசிரியர்க்கு, மூன்றாவது 'ஒதாகாய் நி ரெய்', அதாவது ஒருவர்க்கொருவர். ஆசிரியர்க்கு வணக்கம் என்னும்போது ஆசிரியர் எங்கே இருக்கிறார்? அவரும் அதே தரையில், அதே முழங்காலில், மாணவரை நோக்கி அமர்ந்திருக்கிறார். மாணவர் தலைதாழ்த்த, அவரும் தாழ்த்துகிறார். பின்னர்ப் பயிற்சிக்கு இணையும் இருவரும் எதிரெதிரே அவ்வாறே செய்கின்றனர். முழங்காலூன்றியவன் உடனே பாய்ந்து தாக்க இயலாது. கை தொடைமேல் இருக்கிறது. குனியும் கணத்தில் கண்ணும் எதிரியை விட்டு விலகுகிறது. தனக்குள்ள வசதியை இருவரும் ஒருசேரக் கைவிடுகின்றனர். இன்னும் சிறிது நேரத்தில் உன் கழுத்தும் என் கழுத்தும் ஒருவர் கையில் ஒருவரிடம் அகப்படப் போகின்றன, அதற்கு முன் இதனைச் செய்து கொள்வோம் என்பதே அச்செயலின் உட்பொருள். மிதிவண்டியிலிருந்து இறங்கிய தொழிலாளிக்காகத் துரை தம் வண்டியிலிருந்து இறங்கியதில்லை. காவற் சிப்பாயும் திரும்பக் குனிந்ததில்லை. வேறுபாடு அங்கே இருக்கிறது.

வரலாற்றில் ஒரு முழங்காலுக்கும் இரு முழங்காலுக்கும் இடையே பேரரசுகள் வாதிட்டதுண்டு. 1793இல் சீனப் பேரரசர் சியன்லுங்கின் அவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதர் மக்கார்ட்னி, முழங்காலூன்றி நெற்றி நிலத்திற் பட ஒன்பது முறை வணங்க மறுத்தார். தம் அரசர் முன் ஊன்றுவது போல ஒரு முழங்காலை மட்டுமே ஊன்றுவேன் என்றார். அவ்வாறே செய்ததாக அவரே எழுதினார். தம் அரசர்க்குச் செய்வதற்கு மேல் பிற அரசர்க்குச் செய்தல் ஆகாது என்பது அவர் கணக்கு. மானக்கேடு என்பது முழங்காலில் இல்லை, அளவின் ஏற்றத்தாழ்வில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழ் மரபின் பக்கம் வருவோமாயின், சிலம்பத்தின் தொடக்க வணக்கத்துக்குச் 'சலாம் வரிசை' என்று பெயர். 'சலாவரிசை' எனவும் வழங்கும். இக்கலையைத் தூய தமிழ்க் கலை என்று போற்றுவோர் இப்பெயரில் ஓர் அரபுச் சொல் இருப்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வேற்று மரபின் மரியாதைச் சொல்லை ஏற்றுக்கொள்வதிற் சிலம்ப ஆசான்மார் நாணியதில்லை. இன்றைய வாதிகளே நாணுகின்றனர். அவ்வரிசையில் ஆட்டக்காரன் கம்போடு காலடி வைத்துச் சுற்றி, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். ஆசானுக்கும் அவைக்கும் வணக்கம் செலுத்துகிறான். லயத்து முற்றத்து மண்தரையில், மாலை வேலை முடிந்து வந்து ஆடியவர்களுக்கு அதுவே இயல்பு. ததாமி விரித்த வீட்டினர்க்கு முழங்கால். புழுதித் தரையினர்க்குக் கைவிரல். தரை எப்படியோ வணக்கமும் அப்படி.

இதனை மறந்தமையால் விளையும் தீங்கு ஒன்று கண்கூடு. விரிப்பின்மேல் அமர்வதற்கென எழுந்த இருக்கையை விரிப்பின்றி அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து, சிமெண்டுத் தரையில் பத்து வயதுப் பிள்ளைகளைக் கால்மணி நேரம் அமர்த்தினால், அது செய்சா ஆகாது. பள்ளிக்கூடத்து முட்டி போடுதலே ஆகும். பிள்ளையின் முழங்காற் சிரட்டைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதிலும், ஆசிரியர் தாம் நாற்காலியில் அமர்ந்துகொண்டு பிள்ளைகளை மட்டும் ஊன்றச் செய்யும் கூடம், ஜப்பானிய முறையையும் காக்கவில்லை, தமிழ் முறையையும் காக்கவில்லை; பெரட்டுக்களத்தின் முறையையே காக்கிறது. விழாக்களிலோ இன்னும் மோசம். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் இருக்க, அவர் காலடியில் சிறுவர் கம்பை வைத்து வரிசையாக முழங்காலூன்றும் காட்சி ஆங்காங்கே அரங்கேறுகிறது. அவ்விருந்தினர் கம்பு பிடித்தறியாதவராகவும் இருக்கலாம். கலையின் எந்த விதிப்படி அவர் அவ்வணக்கத்துக்கு உரியவரானார் என்பதை ஏற்பாட்டாளர் எவரும் விளக்கியதில்லை.

ஆயினும் எதிர்வணக்கம் உண்டா என்னும் ஒரே அளவுகோலைக் கொண்டு எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று எண்ணினால், சில மரபுகள் அதற்கு அடங்குவதில்லை. சீனத் தற்காப்புக் கலையில் மாணவனை ஏற்றுக்கொள்ளும் சடங்கில், குரு நாற்காலியில் அமர்ந்திருக்க, மாணவன் முழங்காலூன்றித் தேநீர் அளிக்கிறான். குரு எதிர்வணக்கம் செய்வதில்லை. ஆனால் அஃது ஒவ்வொரு மாலையும் நடப்பதன்று. மகனாக ஏற்கும் சடங்கு அது, வாழ்வில் ஒரு முறை. அன்று முதல் குருவுக்கும் தந்தையின் கடமை வந்துவிடுகிறது. கேரளக் களரியிலும் மாணவன் ஆசானின் பாதத்தைத் தொடுகிறான். அங்கே காணவேண்டியது முழுச் சங்கிலியையும். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, நிலத்தைத் தோண்டித் தாழ அமைத்த களரிக்குள், வலது காலை முன்வைத்து இறங்குபவன் முதலில் நிலத்தைத் தொட்டு வணங்குகிறான்; பின் தென்மேற்கு மூலையில் ஏழு படியாக எழுந்துள்ள பூத்தறையை வணங்குகிறான். ஆசானும் அதே நிலத்தைத் தொட்டே இறங்குகிறார். அதே பூத்தறை முன் அவரும் குனிகிறார். மாணவன் தன்னை வணங்கும் கையை அவர் தமக்கென நிறுத்திக்கொள்ளாமல், தம் ஆசான் வழியினர்க்கு அனுப்பிவிடுகிறார் எனலாம். கன்னியாகுமரி வட்டாரத்துத் தென்முறையில் அகத்தியர் வரை அவ்வழி நீளுவதாக நம்புவர். நம்பிக்கையின் உண்மை எதுவாயினும், உயிரோடிருக்கும் ஆசானுக்கு மேல் ஒருவர் உண்டு என்னும் அடக்கத்தை அது தருகிறது. அடக்கமின்றிப் பாதத்தை மட்டும் நீட்டும் ஆசானைக் களரி மரபு காப்பாற்றாது.

மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தில் இதன் மற்றோர் எல்லை காணப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பமாகிய அதில், கொற்றவையின் காலடியில் இருவர் முழங்காலூன்றியிருக்கின்றனர். ஒருவன் தன் தலைமுடியைப் பற்றிக்கொண்டு தன் கழுத்தைத் தானே அரியும் நிலையில் உள்ளான். தமிழ் வீரன் முழங்காலூன்றியதே இல்லை என்று முழங்குவோர் அக்கல்லை ஒருமுறை பார்த்துவரலாம். ஊன்றினான், ஆனால் தெய்வத்தின் முன், திரும்ப எழும் எண்ணமின்றி ஊன்றினான். அது பலி. மரியாதை முறையோ திரும்ப எழுவதற்காகவே ஊன்றப்படுவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, களப்பலி கொடுத்தவனின் சிற்பத்தைக் காட்டி இன்றைய சிறுவனை ஆசான் காலில் விழச் சொல்வது இடமறியாத உவமை.

தமிழரின் பழைய வணக்கங்களில் நெடுஞ்சாண்கிடையாக விழுதல் உண்டு, கைகூப்புதல் உண்டு, தாள் தொடுதல் உண்டு. உடலை நிமிர்த்தி முழங்காலில் மட்டும் நிற்றல் அவற்றுள் முதன்மை பெறவில்லை. நாட்டியத்தில் 'அரைமண்டி', 'முழுமண்டி' என்று வழங்குமிடத்து, மண்டி என்பது காலை மடக்கிய நிலை மட்டுமே. பணிவு என்னும் பொருள் அதற்குச் சிறிதும் இல்லை. சங்க நூல்களில் 'மண்டமர்' என்றால் நெருங்கிப் பொரும் கடும்போர். அதிலுள்ள 'மண்டு' என்னும் வினைக்கும் இந்த 'மண்டி'க்கும் உறவுண்டு என்று சிலர் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடும். ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு நிறுவப்படாது. ஆயினும் நாட்டியக்காரியின் முழுமண்டியும் தோற்ற அணியின் மண்டியும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல், சொல்லுக்கு இழிவு பிறவியில் வந்ததன்று என்பதையேனும் காட்டும்.

சமயத்தின் பக்கமிருந்து வரும் தடை தனித்து நோக்கத்தக்கது. பாகான் செராயில் அதனைத் தவிர்க்கவும் இயலாது. இறைவன் ஒருவனுக்கே தலை தாழ்த்தும் முஸ்லிமும், நற்கருணை முன் முழந்தாளிடும் கத்தோலிக்கரும், ஒரு படத்துக்கோ பலகைக்கோ முழங்காலூன்றத் தயங்குவதை முரட்டுத்தனம் என்று தள்ளலாகாது. மலாய்ச் சீலாட்டில் இருவர் கைகளைத் தொட்டுச் சலாம் செய்து, அக்கையை நெஞ்சுக்குக் கொணரும் முறை, அத்தடையை எழவொட்டாமலே மரியாதையை நிறைவேற்றிவிடுகிறது. சிலம்பத்தின் சலாம் வரிசையும் பெயரளவில் அதற்கு அண்டை வீடு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஜூடோ மாணவர் இருவர், விரிப்பையும் நிறுவனரின் படத்தையும் வணங்குதல் தம் சமய உணர்வுக்கு மாறானது என்று வழக்காடியபோது, அவ்வணக்கம் சமயச் சடங்கன்று என்று 2002இல் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் அளவில் அது முடிந்த வழக்கு. உள்ளத்தின் அளவிலோ, அவர்களது தடை சற்றுக் கூர்ந்த நோக்குடையதே. படம் திரும்ப வணங்குவதில்லை அல்லவா?

முன்திசை வணக்கம் என்பதன் வரலாறும் அத்தயக்கத்துக்கு ஓரளவு இடம் தருகிறது. 1930களில் ஜப்பானியப் போர்க்கலைக் கூடங்களின் முன்திசையில் ஷிந்தோ மாடம் இருந்தது. பேரரசர் பற்றும் போர்வெறியும் அதனைச் சூழ்ந்திருந்தன. மலாயாவின் வீதிகளில் கன்னத்தில் அறைந்த கை அத்தகைய கூடங்களில் பயின்ற கையாகவும் இருந்திருக்கலாம். 1945க்குப் பின் நேச நாட்டு ஆட்சி பள்ளிகளிற் போர்க்கலையைத் தடை செய்தது. பழைய பேரமைப்பாகிய புத்தோக்குக்காய் 1946இல் கலைக்கப்பட்டது. மாடங்களும் பல இடங்களில் இறக்கப்பட்டன. இன்று அவ்விடத்தில் நாட்டுக்கொடியோ நிறுவனர் படமோ தொங்குகிறது. சில கூடங்களில் வெறுஞ்சுவரே. மூன்று வணக்கங்களுள் காலத்தோடு மாறி மாறி வந்தது முதலாவதே. மூன்றாவதாகிய ஒருவர்க்கொருவர் வணக்கத்தைக் கலைக்க எந்த ஆட்சியும் முயன்றதில்லை, அதில் கலைப்பதற்கு ஒன்றும் இல்லாமையால்.

ஆகவே முதல் வணக்கத்தை வேண்டியவர் நின்றபடி செய்யவோ செய்யாதிருக்கவோ விட்டுவிட்டு, மூன்றாவதை எவரும் தவிர்க்கலாகாது என்று வைக்கும் கூடமே முறையறிந்த கூடமாகும். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. சுவரிலுள்ள படத்துக்கு வணக்கம் நீண்டு, ஆழ்ந்து, அமைதியோடு நடைபெறும். எதிரில் நிற்கும் தோழனுக்கோ கழுத்தை ஒரு வெட்டு வெட்டியதோடு முடிந்துவிடும். சிலம்பப் போட்டிகளிலும் அவைக்குச் செய்யும் வணக்கத்தில் உள்ள அழகு, எதிராளிக்குச் செய்யும் வணக்கத்திற் காணப்படுவதில்லை. நடுவர் புள்ளி குறிப்பது கம்பு படும் இடத்தை. ஆதலால் பயிற்றுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை போலும்.

எஞ்சி நிற்பது சொல். கராத்தே வகுப்பிற் கட்டளை 'செய்சா' என்று வருகிறது. தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் அதனைக் கேட்ட மாத்திரத்தில் அமர்கின்றனர். எவர் காதிலும் தோல்வியோ தண்டனையோ ஒலிப்பதில்லை, அச்சொல்லுக்கு அவர்கள் வீட்டில் வேறு பொருள் இல்லாமையால். சிலம்ப வகுப்பில் முழங்காலூன்றுதலைப் புதிதாகச் சேர்த்த ஆசிரியர்க்கோ அந்த வசதி இல்லை. 'மண்டியிடு' என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பர். 'முட்டி போடு' என்றால் பிள்ளைகள் சிரிப்பர். 'மடிந்தமர்' என்று ஒரு புதுச்சொல் ஆக்கலாம் என்று தோன்றினாலும், ஆசான் அச்சொல்லைச் சொல்லிவிட்டுத் தாம் நின்றுகொண்டே இருப்பாராயின், சில வாரங்களில் அதுவும் நாலாவது தண்டனைச் சொல்லாகிவிடும். பழைய சலாம் வரிசையில் கட்டளைச் சொல்லே வேண்டியிருந்ததில்லை. ஆசான் குனிந்து மண்ணைத் தொடுவார், பிள்ளைகளும் தொடுவர்.